பதினொன்று கூட்டியவர்

ஆவணக் காப்பகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதிரில் ‘பதினொண்ணு சார்’. முதுகுக்குப் பின்னால் வெறும் ‘பதினொண்ணு’. போன மாதம் அவர் இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்கள் தெருமுனையில் நின்று, “பதினொண்ணு சார் வீடு எது?” என்றுதான் விசாரித்தார்கள். தெருவும் சரியாகக் கை காட்டியது.

பழைய தேதியைப் புதிய தேதியாக மாற்றுவது அவர் உத்தியோகம். முந்நூறு வருஷத்துக்கு முன் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் பதிவேடுகள் காப்பகத்தில் இருந்தன. எழுதியவர்கள் பழைய நாட்காட்டிக்காரர்கள். அந்த நாட்காட்டி நாலு வருஷத்துக்கு ஒரு தடவை, யோசனையே இல்லாமல், பிப்ரவரியில் ஒரு நாளைக் கூட்டிக்கொண்டே போனது. சூரியன் அவ்வளவு தாராளப் பிரபு இல்லை. நூறு வருஷத்துக்கு முக்கால் நாள் வீதம் பிசகு சேர்ந்தது. பிறகு புதிய நாட்காட்டிக்கு மாறியபோது, சேர்ந்துபோன பதினொரு நாளையும் ஒரே வெட்டாக வெட்டி எறிந்தார்கள். ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டுப் பதிவேட்டில் மே மூன்று என்று இருந்தால் நம் கணக்கில் அது மே பதினான்கு. பதினொன்றைக் கூட்ட வேண்டும். இருபத்தேழு வருஷம் கூட்டினார்.

“இதுக்கு ஒரு ஆபீசா சார்? எங்க வீட்டுப் பொடிசு விரல் விட்டே கூட்டிடுமே” என்பான் ஏணி. கிடங்கில் உயரத் தட்டுகளிலிருந்து பதிவேடுகளை இறக்கித் தருகிறவன். நாளில் பாதி நேரம் ஏணியில் இருப்பதால் அந்தப் பட்டம்.

“கூட்டுறதுக்குச் சம்பளம் இல்லய்யா. கூட்டலாமான்னு சந்தேகப்படுறதுக்குச் சம்பளம்.”

சந்தேகப்படுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. கிழமை. தேதிகளை வெட்டியவர்கள் கிழமையில் கை வைக்கவில்லை. புதன் இரவு படுத்த ஊர், தேதி பதினொன்று தள்ளிப்போயிருந்தாலும், வியாழனில்தான் எழுந்தது. பதிவேட்டில் தேதிக்குப் பக்கத்தில் கிழமையும் இருந்தால், இரண்டும் எந்த நாட்காட்டியில் பொருந்துகின்றன என்று பார்த்துவிடலாம். பழையதில் பொருந்தினால் கூட்டு. புதியதில் பொருந்தினால் தொடாதே. படியெடுத்த எவனோ முன்பே மாற்றி எழுதிவிட்டான் என்று அர்த்தம்.

இதற்கென்று ஒரு சக்கரம் வைத்திருந்தார். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு அட்டை வட்டங்கள், நடுவில் ஒரு சட்டைப் பொத்தான். சுற்றினால் எந்தத் தேதிக்கும் இரண்டு கணக்கிலும் கிழமை சொல்லும். அவர் மனைவி செய்து கொடுத்தது. அவள் தையல்காரி. துணி வெட்டும் கத்தரியால் வெட்டியதில் ஓரமெல்லாம் பல் பல்லாக இருந்தது.

“கல்யாணப் பத்திரிகையிலேயே கிழமை சரியான்னு பார்த்துட்டு வந்த மனுஷன்” என்பாள் அவள், வந்தவர்களிடம். “என்னையும் ஒரு சுத்து சுத்திப் பார்த்துக்கோங்க. தேதி முடிஞ்ச சரக்கா இருக்கப் போறேன்.”

அவள் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. இங்கே சொல்லப் போகும் சமாச்சாரம் நடந்தது அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம்.

அதற்குள் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் அட்டைகள் சேர்ந்திருந்தன. ஒரு கப்பலின் வருகைக்கு ஓர் அட்டை. மேல் வரியில் பதிவேட்டுத் தேதி, நடுக் கட்டத்தில் கிழமை, கீழே மையில் புதிய தேதி. பின்பக்கத்தில் அட்டை போட்ட நாளின் ரப்பர் முத்திரை. எல்லாம் புத்தகமாகப் போகிறது. அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: ‘இதிலுள்ள தேதிகள் யாவும் புதிய கணக்கின்படி சரிபார்க்கப்பட்டவை.’ அதன் கீழே அவர் கையெழுத்து. ஒரு தேதி பிசகினாலும் அந்த ஒரு வரி பொய்யாகிவிடும். ஒரு வரியைச் சம்பாதிக்க இருபத்தேழு வருஷம்.

அட்டைகளைக் கணினியில் ஏற்ற ஒரு பெண்ணைத் தற்காலிகமாக அமர்த்தியிருந்தார்கள். இரண்டு விரலால் கொத்திக் கொத்தித் தட்டுவாள். பெயர் குருவி என்று ஆகிவிட்டது. இந்த வேலை ஒழுங்காக முடிந்தால் நிரந்தரம் ஆக்கலாம் என்று பேச்சு.

திங்கட்கிழமை காலை, எட்டாவது இழுப்பறையை வழக்கம்போல் ஒரு புரட்டுப் புரட்டினார். கை நின்றது.

ஓர் அட்டையில் அவருடைய மை எழுத்து: மே 25. அதன் ஓரத்தில், எறும்பு போலச் சின்னதாக, பென்சிலில்: 14.

அடுத்த அட்டை. ஜூன் 18. பக்கத்தில் பென்சிலில் 7.

ஆகஸ்ட் 22. பென்சிலில் 11.

எண்ணினார். நாற்பத்தொன்று. எல்லாமே 1738ஆம் வருஷத்துக் கப்பல்கள். எல்லாவற்றிலும் அவர் கூட்டிய பதினொன்றை யாரோ கழித்திருந்தார்கள்.

அவர் சத்தம் போடவில்லை. இழுப்பறையை மூடிவிட்டு உட்கார்ந்தார். அறையில் அவரையும் சேர்த்து மூன்று பேர். ஏணிக்குப் படிக்கத் தெரியும், கணக்கு வராது. மீதி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கணக்குப் புரியாமல் பழைய தேதியையே புதிய தேதி என்று நினைத்துத் திருத்தியிருக்கிறாளா? இல்லை, வேண்டுமென்றேவா? யாராவது சொல்லிக் கொடுத்துச் செய்கிறாளா? கிழவன் அட்டை தப்பு என்று நிரூபித்தால் நிரந்தர வேலைக்கு அது ஒரு படி. யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. சந்தேகத்துக்கு அந்தக் குணம் உண்டு. எதை வைத்தாலும் பொருந்தும்.

இழுப்பறை விளிம்பில் ஒரு பென்சில் சீவலை வைத்துவிட்டு மதியம் வெளியே போனார். வந்து பார்த்தபோது சீவல் தரையில் கிடந்தது. மின்விசிறி மேலேதான் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு இன்னொரு சீவல் வைத்தார்.

“சார், வேகுது” என்றாள் குருவி. “ஏன் சார் ஃபேனை நிறுத்துறீங்க?”

“பேப்பர் பறக்குது.”

“பேப்பர் எல்லாம் உள்ள இருக்கே சார்.”

“பென்சில் வச்சிருக்கியா?”

“இருக்கே. வேணுமா?” எடுத்து நீட்டினாள்.

வாங்கி, ஒரு துண்டுத் தாளில் 14 என்று எழுதி, அட்டையோடு வைத்து லென்ஸில் பார்த்தார். அதே கருமை, அதே வழவழப்பு. அவருடைய பென்சில் கெட்டியானது, கோடு சாம்பல் நிறத்தில் விழும். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியை நகர்த்தி, “சார், நானே சொல்லணும்னு இருந்தேன். அந்த அட்டைல…” என்று ஆரம்பித்தாள்.

“வேலையப் பாரு.”

“இல்ல சார், ஒரு நிமிஷம்…”

“வேலையப் பாருன்னேன்.”

கொத்துகிற சத்தம் மறுபடி ஆரம்பித்தது. முன்னைவிட மெதுவாக.

செவ்வாய்க்கிழமை கண்காணிப்பாளரிடம் புகார்க் கடிதம் கொடுத்தார். கண்காணிப்பாளர் அதை இரண்டு தடவை படித்தார்.

“‘ஐயப்படுகிறேன்’னு எழுதியிருக்கீங்க. ஐயமா, உறுதியா சார்?”

“நான் ஐயம்னு எழுதினா உறுதின்னு அர்த்தம். அதுக்கு மேல எனக்கு எழுத வராது.”

“அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும்.”

“என் கையெழுத்துப் போயிடும்.”

விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று அன்று மாலையே குருவியிடம் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை முடிவு. அவள் பையை எடுத்துக்கொண்டு அவர் மேசையைத் தாண்டிப் போகும்போது நின்றாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று அவர் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள், “ஃபேனைப் போட்டுக்கோங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

புதன்கிழமை சாயங்காலம் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். வேறு ஊரில் இருந்தாள். அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் வேலை. வாரம் ஒரு தடவை கூப்பிடுவாள். சாப்பாடு, மருந்து, மழை. அதற்கு மேல் பேச்சு நீளாது.

அவர்களுக்கு நடுவே ஒரு பழைய சங்கதி இருந்தது. அவள் அம்மா இறந்தபோது அவளுக்குப் பதினாலு வயது. அன்று அவர் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. ஐந்தாம் நாள் காலை, மகளுக்குத் தலை பின்னத் தெரியாமல் ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அவர் அலுவலகம் போனார். “கட்டினவ போயி அஞ்சு நாள் ஆகல, தேதி எண்ணக் கிளம்பிட்டாரு. நெஞ்சுக்குள்ள இருக்கிறது கல்லா, காலண்டரா?” என்று மச்சினி அடுக்களையில் சொன்னாள். மகள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். அது அவள் காதில் விழுந்ததை அவரும் பார்த்தார். இருவரும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. ஆனால் அந்தக் கேள்வி மகளிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

அன்று என்னவோ, நாற்பத்தோர் அட்டை விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

மகள் முழுதும் கேட்டாள். பிறகு, “கிழமை பார்த்தீங்களாப்பா?” என்றாள்.

“எதுக்கு? அது என் மை.”

“எங்க வேலையில ஒண்ணு சொல்லுவாங்கப்பா. எடை இடிச்சா மூட்டையைத் திட்டாதே, முதல்ல தராசைப் பாருன்னு.”

“நான் தராசா?”

“நான் அப்படிச் சொல்லல.”

“அப்படித்தான் சொன்ன. முன்ன பின்ன தெரியாத பொண்ணுக்குப் பரிஞ்சு பேசுற. யாராவது உன்கிட்ட பேசினாங்களா?”

“அப்பா.” அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. “மருந்து சாப்பிட்டீங்களா?”

சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு வைத்தார். வைத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. கிழமை பார்க்கப் பதிவேடு எதற்கு? அட்டையின் நடுக் கட்டத்திலேயே கிழமை இருக்குமே. திங்களன்று நாற்பத்தோர் அட்டையையும் புரட்டினோமே. கிழமை ஒன்றாவது நினைவில் நிற்கிறதா?

நிற்கவில்லை.

வியாழக்கிழமை அலுவலகம் திறக்கும் முன்பே படிக்கட்டில் காத்திருந்தார். எட்டாவது இழுப்பறை. மே 25. நடுக் கட்டம் வெறுமையாக இருந்தது. அடுத்ததும். அதற்கடுத்ததும். நாற்பத்தொன்றிலும் ஒரு கிழமை இல்லை.

அழித்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். தன் எழுத்தைச் சுரண்டி எடுத்திருக்கிறாள். அட்டையைச் சாய்த்து, மேசை விளக்கை அதன் பக்கவாட்டில் வைத்து, லென்ஸில் பார்த்தார். ரப்பர் தேய்த்தால் தாளின் மினுமினுப்புப் போய்ப் பஞ்சு எழும்பும். பிளேடால் சுரண்டினால் பள்ளம் விழும். பஞ்சும் இல்லை, பள்ளமும் இல்லை. அந்தக் கட்டத்தில் பேனா பட்டதே இல்லை.

“ஏணி, முப்பத்தெட்டாம் வருஷத்தை இறக்கு.”

“மேல் தட்டு சார். டீ குடிச்சிட்டு ஏறட்டுமா?”

“இப்ப ஏறு.”

பதிவேடு வந்தது. பாச்சை உருண்டை வாசனை. முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை ஒரே கை, ஒரே மை. ஒரு வருஷம் முழுக்க அன்றன்று எழுதியிருந்தால் மை பத்து நிறத்தில் இருக்கும். யாரோ பிற்காலத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படியெடுத்திருக்கிறார்கள். இதை ஒரு புதிய ஆள்கூடப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான். மே 14. பக்கத்தில் தெளிவாக: புதன்.

சக்கரத்தை எடுத்தார். பல் ஓரங்கள் தேய்ந்து மழுங்கியிருந்தன. பழைய கணக்கில் 1738 மே 14: ஞாயிறு. பொருந்தவில்லை. புதிய கணக்கில்: புதன்.

படியெடுத்தவர் அப்போதே புதிய தேதிக்கு மாற்றியிருக்கிறார். மாற்றிய தேதியின் மேல் இவர் இன்னொரு பதினொன்றைக் கூட்டியிருக்கிறார். பென்சில்தான் சரி. மைதான் தப்பு.

இன்னொரு தடவை சுற்றினார். ஜூன் 7, சனி. ஆகஸ்ட் 11, திங்கள். சக்கரம் மூன்று தடவையும் ஒரே பதிலைச் சொன்னது. அவர் வாழ்நாளில் முதல் தடவையாகச் சக்கரத்தைச் சந்தேகப்பட்டு, பொத்தான் தளர்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது. மனைவி தைத்த எதுவும் லேசில் தளராது.

ஏணி இன்னும் மேலேயே உட்கார்ந்திருந்தான். “என்ன சார், திருடன் அகப்பட்டானா?”

அவர் அட்டையைத் திருப்பினார். பின்பக்கத்தில் ரப்பர் முத்திரை. அட்டை போட்ட நாள்.

பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு நாள். எந்த நாள் என்று பார்க்கச் சக்கரம் வேண்டியிருக்கவில்லை. மகள் ரப்பர் வளையத்தோடு பள்ளிக்கூடம் போன நாள்.

எல்லாவற்றையும் திருப்பினார். அன்று தொடங்கி ஒன்பது வேலை நாட்கள். அந்த நாட்களில் சக்கரம் எங்கே இருந்தது என்று இப்போது நினைவு வந்தது. மேசையின் கீழ் அறையில், காகிதங்களுக்கு அடியில், முகம் கவிழ்ந்து. அதைத் தொடவேயில்லை. கை பாட்டுக்கு எழுதியிருக்கிறது. பதினொன்று, பதினொன்று, பதினொன்று.

“சார்? உடம்புக்கு ஏதாவதா?” ஏணி இறங்கி வந்துவிட்டான்.

“அந்தப் பொண்ணு வீடு தெரியுமா உனக்கு?”

“தெரியும் சார். ரெண்டு நாளா அவங்க வீட்டுல ஒருத்தரும் சரியாச் சாப்பிடலயாம்.”

“போய்க் கூட்டிட்டு வா. நான் கூப்பிட்டேன்னு சொல்லாதே, வர மாட்டா.”

“அப்ப யாரு கூப்பிட்டதா சொல்றது?”

அவர் மேசை விளக்கை அணைத்தார். “நான்னே சொல்லு” என்றார்.

கண்காணிப்பாளர் சுலபத்தில் விடவில்லை. “கொடுத்த புகாரைச் சும்மா திருப்பி எடுக்க முடியாது சார். காரணம் எழுத்துல வேணும். நான் மேல பதில் சொல்லணும்.”

அங்கேயே நின்றபடி எழுதினார். அந்தக் கடிதத்தின் நகல் அவர் பையில் கடைசிவரை இருந்தது. இரண்டே வரி.

‘நாற்பத்தோர் அட்டைகளிலும் உள்ள பிழை என்னுடையது. அந்த நாட்களில் நான் கிழமை பார்க்கவில்லை.’

கண்காணிப்பாளர் படித்துவிட்டு, “இது போதாதே. ஏன் பார்க்கலன்னு கேப்பாங்களே” என்றார்.

“கேட்டா, அட்டையோட பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மதியம் குருவி வந்தாள். உட்காரவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை. இன்னும் என்ன பழி பாக்கி என்று பார்ப்பவள்போல நின்றாள்.

“உனக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்றார்.

“கிழமைக் கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் வாங்காது சார். பதிவேட்டைப் பார்த்துப் போடலாம்னு போனேன். உங்க கணக்குப்படி போட்டா ஞாயித்துக்கிழமை வருது, பதிவேட்டுல புதன் இருக்கு.”

“சொல்லியிருக்கலாமே.”

“வந்தேனே சார். வேலையப் பாருன்னீங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“சொல்லியிருந்தா மட்டும் நம்பியிருப்பீங்களா?” என்றாள். குரலில் இரண்டு நாள் கோபம் இருந்தது.

“மாட்டேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததே என்று இன்னும் கோபம். பையை மேசைமேல் வைத்தாள்.

“முத்திரையைப் பார்த்தேன் சார். ஒம்போது நாள்ல நாப்பத்தோரு அட்டை. நீங்க ஒரு நாளைக்கு ரெண்டு அட்டை போட்டாலே அதிகம். இது உங்க வேகமே இல்ல. ஏணி அண்ணன்கிட்ட கேட்டேன், அந்த வருஷம் சாருக்கு என்ன ஆச்சுன்னு.” எட்டாவது இழுப்பறையைப் பார்த்தாள். “மையில மாத்த எனக்கு உரிமை இல்ல. பென்சில்ல வச்சா நீங்களே பார்த்து மாத்திப்பீங்கன்னு நினைச்சேன். நீங்க என்னடான்னா ஃபேனை நிறுத்திட்டு வேவு பார்க்குறீங்க.”

“சீவல் விழுந்தது காத்துலயா, உன்னாலயா?”

“எந்தச் சீவல்?”

“ஒண்ணுமில்ல. உட்காரு.”

வெள்ளிக்கிழமை காலைவரை வேலை இருந்தது. அவள் பதிவேட்டை வாசித்தாள். அவர் மையில் எழுதினார். பழைய எண்ணை ஒரே கோட்டால் அடித்தார். படிக்க முடியாமல் கிறுக்கவில்லை. தப்பும் தெரிய வேண்டும் என்றார். காலிக் கட்டங்களில் புதன், சனி, திங்கள் என்று ஒவ்வொன்றாக ஏறின. நாற்பத்தொன்று முடிந்ததும் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார்.

“சரியாத்தான் இருக்கு சார்.”

“இருக்கட்டும். வாசி.”

கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தாளை அவள் பக்கம் தள்ளினார். சரிபார்த்தவர் என்ற இடத்தில் இன்னொரு பெயருக்கும் இடம் இருந்தது. இருபத்தேழு வருஷமாக அந்த இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேதியும் போட்டாள். அவர் எட்டிப் பார்த்து, அன்றைய தேதிதானா என்று சுவர்க் காலண்டரோடு ஒத்துப் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் மகளைக் கூப்பிட்டார். அவராகக் கூப்பிடுவது அபூர்வம்.

“என்னப்பா? உடம்புக்கு என்ன?” என்றாள் எடுத்தவுடன்.

“தராசுதான் தப்பு.”

“எந்தத் தராசுப்பா?”

“அந்த அட்டைங்க. நான் போட்டதுதான் தப்பு. உங்கம்மா போயி, நான் வேலைக்குப் போனேனே, அந்த ஒம்போது நாள் போட்டது. கிழமை பார்க்காமப் போட்டிருக்கேன்.”

மகள், அளவு எடுக்கிறவளின் குரலில், “எத்தனை தப்பு?” என்றாள்.

“நாப்பத்தொண்ணு.”

“எத்தனைல?”

“நாப்பத்தொண்ணுல.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி வைத்துக்கொண்டார்.

“இருக்கியாம்மா?”

“இருக்கேன்ப்பா.”